சதுர அடைப்பா, வட்ட அடைப்பா?

"பைத்தான் நிரல்மொழியில் ஜெனரேட்டர் நினைவகத்தை மிச்சப்படுத்தும் என்கிறார்கள். அப்படியானால் வேகமாகவும் ஓட வேண்டாமா? அளந்து பார்த்தால் லிஸ்ட்தான் முந்துகிறது" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் அளந்தது சரிதான்.

பத்து லட்சம் எண்களின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். சதுர அடைப்புக்குள் எழுதினால் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன். 2000-இல் பைத்தான் 2.0-உடன் வந்தது. வட்ட அடைப்புக்குள் எழுதினால் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன், 2004-இல், 2.4-இல் சேர்ந்தது. முன்னது எல்லா விடைகளையும் கணக்கிட்டுச் சேர்த்து வைக்கும். 64 பிட் கணினியில் அவற்றின் முகவரிகளுக்கே 8 எம்பி ஆகும், எண்களுக்குத் தனி. பின்னதற்குச் சில நூறு பைட் போதும்.

எப்படி என்பதுதான் அழகு. சாதாரண ஃபங்ஷன் விடையைத் தந்ததும் அதன் ஃபிரேம், அதாவது உள்மாறிகளும் எந்தக் கட்டளையில் நிற்கிறோம் என்ற குறிப்பும், கலைந்துவிடும். ஜெனரேட்டர் கேட்கக் கேட்க ஒவ்வொரு விடையாகத் தரும், இடையில் அதன் ஃபிரேம் கலையாது. பூக்காரம்மாவைப் பாருங்கள். கேட்ட முழத்தை அளந்து நறுக்கிக் கொடுத்துவிட்டு, மீதி நாரை மடியில் போட்டுக்கொள்கிறார். அடுத்தவர் கேட்டதும் அதே முடிச்சிலிருந்து கட்டத் தொடங்குகிறார். முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை, முன்கூட்டிக் கட்டிக் குவிப்பதும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு முறையும் நிறுத்துவதற்கும் நாரைத் திரும்ப எடுப்பதற்கும் கொஞ்சம் நேரம் போகிறதே! பத்து லட்சம் தடவை உறங்கி எழும் ஃபிரேமுக்கும் அதே கதிதான். லிஸ்ட் ஒரே மூச்சில், ஒரே சுற்றில் கட்டி முடித்துவிடும். போதாததற்கு, 2023-இல் வந்த 3.12-இல் காம்ப்ரிஹென்ஷனுக்கென்று தனி ஃபிரேம் போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டருக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, ஜெனரேட்டர் எப்போது ஜெயிக்கும்? ராமில் அடங்காத கோப்பு என்றால் லிஸ்ட் திணறிவிடும். ஏதாவது ஒன்று பொருந்துகிறதா என்று பார்க்கும் 'எனி' போல, முதல் விடை கிடைத்ததும் நின்றுவிடும் வேலையிலும் ஜெனரேட்டர்தான். மீதியைக் கணக்கிடவே தேவையில்லை.

இதையெல்லாம் பார்க்காமல் "ஜெனரேட்டர்தான் எப்போதும் நல்லது" என்று இன்டர்வியூவில் ஒப்பிப்பது, என்னைக் கேட்டால், ராகுகாலம் பார்த்து வண்டி எடுப்பது மாதிரி. நேரம் அளக்கும் டைம்இட் பைத்தானிலேயே இருக்கிறது, அளந்து பார்க்கலாமே.

சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, ஒன்றாக ஒட்டும் 'ஜாயின்' இன்னும் வேடிக்கை. ஒட்டுவதற்கு மொத்த நீளத்தை அறிய ஒருமுறை, எழுத்துகளைப் பிரதி எடுக்க ஒருமுறை என்று அது இரண்டு நடை நடக்க வேண்டும். ஜெனரேட்டரோ ஒரு நடைக்கு மேல் தாங்காது. அதனால் அதைக் கொடுத்தாலும், நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தானான சிபைத்தான் உள்ளே சத்தமில்லாமல் லிஸ்ட்டாக மாற்றிக்கொள்ளும். இரண்டு சதுர அடைப்பு எழுதாததுதான் நமக்கு மிச்சம்.