சும்மா ஆடும் போல்ட் ஏன் தேய்கிறது?

நிலாவெளி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேர், கனடாவில் இருக்கும் என் தம்பி, வாகனத்தின் பின்னால் கொழுவி இழுக்கும் கரவன் ஒன்று வைத்திருக்கிறான். வாங்கிச் சில வருடம்தான். அதற்குள் ஸ்பிரிங் புஷ், போல்ட் எல்லாம் தேய்ந்துவிட்டதாம். எஞ்சினுக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும் தண்டு வருடக்கணக்காகத் தாங்குகிறது. கொஞ்சமாக ஆடும் போல்ட் எப்படித் தேயும்?"

அருமையான கேள்வி. எஞ்சின் தண்டைக் காப்பாற்றுவதே அதன் சுழற்சிதான்.

முதலில் கரவனின் அடிப்பக்கம். நம்மூர் லொறிகளில் இருப்பது போன்ற தகட்டு ஸ்பிரிங்தான் அதிலும் இருக்கிறது. வளைந்த தகடு பாரத்தில் தட்டையானால் அதன் இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் கூடும். அதனால் ஒரு முனையைச் சட்டத்தில் போல்ட்டால் பூட்டி, மற்ற முனையை ஷக்கிள் என்ற சின்ன ஊஞ்சலில் விடுவார்கள். இரண்டு அச்சு உள்ள வண்டியென்றால், முன் ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் நடுவே சீசோப் பலகை போல ஓர் இரும்புத் துண்டு ஆடும். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினாலும் பாரம் இரண்டுக்கும் பகிரப்படும். இந்த மூட்டு ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட், அதைச் சுற்றி உறை போல ஒரு புஷ். வண்டி ஓடும்போது எல்லாம் சில பாகை முன்னும் பின்னும் ஆடுகின்றன. முழுச் சுற்று ஒருநாளும் சுற்றுவதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். 1883இல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சுகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். தண்டின் அடிப்பாகம் எண்ணெயில் தோய்ந்திருந்தது, மேலே பாரத்தோடு பித்தளைத் தாங்கி. எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டைச் சுற்றவிட்டதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கை வெளியே வந்தது. மரக்கட்டையை இறுக்கினார், அதுவும் வந்தது. கடைசியில் அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தார். முள் சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலையும் தாண்டியது. நம் கார் டயருக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 30.

அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது? தாங்கியில் தண்டு உட்காரும் குழியை விடத் தண்டு ஒரு மயிரிழை சிறியது. பாரத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதால் இடைவெளி பிறை வடிவில் இருக்கும், அகலத்தில் தொடங்கி ஒடுங்கிக்கொண்டே போகும். எண்ணெய் தண்டில் ஒட்டிக்கொள்ளும் பண்டம். தண்டு சுற்றும்போது அதைத் தன்னோடு அந்த ஒடுக்கத்துக்குள் இழுத்துப் போகிறது. உள்ளே போன எண்ணெய்க்குத் திரும்பி வர வழியில்லை. பின்னால் இன்னும் எண்ணெய் நெருக்குகிறது. அழுத்தம் ஏறி, பாரத்தோடு சேர்த்துத் தண்டையே தூக்கிவிடுகிறது! கொட்பேயில் நிற்கும் ஃபைபர் படகை நினைத்துப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது தண்ணீருக்குள் அமிழ்ந்து போகும், வேகம் பிடித்தால் மூக்கை நிமிர்த்தி நீரின் மேல் ஏறி ஓடும். எஞ்சின் தண்டும் அப்படித்தான், மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு தடிப்புள்ள எண்ணெயின் மேல் ஓடுகிறது. வேகமாகச் சுற்றும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1886இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் இதற்கு எழுதிய சமன்பாடு இன்றும் தாங்கி வடிவமைப்பின் அடிப்படை.

டவரின் வேலைக்குப் பணம் கொடுத்தது இயந்திரப் பொறியியலாளர் சங்கம், உராய்வைப் படிப்பதற்கென்றே. 1966இல் பிரித்தானியாவில் பீற்றர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் சரியாகக் கவனித்தால் ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்கிட்டது. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் அரை வீதம்கூட இல்லை. உப்புக் காற்றில் கறள் பிடித்து எத்தனை படகு எஞ்சின், எத்தனை லொறி நம் கரையில் வீணாகின்றன? கோணேசபுரியில் ஒரு பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, கடல் பக்கத்திலேயே. இந்தக் கறளைப் படிக்க அங்கே காசு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, போல்ட்டுக்கு வருவோம். ஆடும் போல்ட் ஒவ்வொரு முனையிலும் நின்றுதான் திரும்புகிறது. நின்ற கணத்தில் வேகம் பூச்சியம். நடுவிலும் எண்ணெயை இழுத்துப் போகும் அளவுக்கு வேகம் வருவதில்லை. படகு ஏறுவதே இல்லை. அதனால் தொட்டுக்கொண்டே உரசுகிறது, அதுவும் எப்போதும் ஒரே இடத்தில். கரவன்களில் தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் நைலோன் புஷ்தான் போட்டு வரும், கிறீஸ் அடிக்க வழி இருக்காது. நைலோன் தேய்ந்து முடிந்தால் இரும்பில் இரும்பு. ஒரே வகை உலோகங்கள் உரசினால் அவற்றின் நுண்மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்து வரும். உவர்மலையில் ஒரு கராஜில் கழற்றிப் போட்டிருந்த லொறி ஸ்பிரிங் போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் பிறை போலக் குழிந்திருந்தது, மறுபக்கம் புதிது போல மினுங்கியது.

மாற்றும்போது தம்பி வெண்கலப் புஷ்ஷும், நடுவில் துளையிட்ட கிறீஸ் போல்ட்டும் வாங்கட்டும். வெண்கலம் இரும்போடு எளிதில் ஒட்டாது, தேய்ந்தாலும் புஷ்தான் தேயும். ஷக்கிள் தகட்டின் துளை நீள்வட்டமாகியிருந்தால் தகட்டையும் மாற்ற வேண்டும். சில்லுகளுக்கு அண்டை கொடுத்து, சட்டத்தைத் தூக்கி, உறுதியான தாங்குகட்டை வைத்த பிறகுதான் கீழே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிப் போகவே கூடாது.

போல்ட்டின் பக்கத்தில் கிறீஸ் வெளியே வரும் துளை மேலே அல்லது கீழே பார்த்தால் பாரம் அதை அழுத்தி மூடிவிடும். பக்கவாட்டில், மணிக்கூட்டின் 3 அல்லது 9 இருக்கும் திசையில் வைத்துப் பூட்ட வேண்டும். கிறீஸ் அடிக்கும் நாளிலும் சட்டத்தைத் தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டே அடிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் உரசும் பக்கத்துக்கு அது போகும். கறுத்த பழைய கிறீஸ் முழுவதும் பிதுங்கி வந்து, புதுக் கிறீஸின் நிறம் தெரியும் வரை அடிக்க வேண்டும்.