கார் விலையும் கன்னத்துத் தசையும்

கலிஃபோர்னியாவில், சாலையைக் கடப்பதற்கான கோட்டில் ஒருவர் கால் வைத்துவிட்டால் வருகிற கார் நின்று வழிவிட வேண்டும். அதுதான் சட்டம். பெர்க்லி பல்கலைக்கழக உளவியலாளர் பால் பிஃப்பும் அவர் குழுவினரும் அப்படி ஒரு கோட்டருகே தங்கள் ஆளை நிறுத்தினார்கள். கார் நெருங்கும் நேரம் பார்த்து அவர் இறங்கி நடக்க வேண்டும். ஓட்டுநர் கண்ணில் படாத இடத்தில் இருந்த இன்னொருவர் ஒவ்வொரு காரையும் பார்த்து, அதன் மாடல், வயது, தோற்றத்தை வைத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரித்தார். நின்றதா, போய்விட்டதா என்றும் குறித்தார். மொத்தம் 152 கார்கள். ஆகக் கீழ்த்தரத்துக் கார் ஒன்றுகூட நிற்காமல் போகவில்லை. ஆக உயர்ந்த தரத்தில் கிட்டத்தட்டப் பாதி நிற்கவில்லை.

2012இல் இது வெளியானபோது, ‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்’ என்று நாம் சொல்லி வந்ததற்கு ஆய்வுக்கூடமே முத்திரை குத்திக் கொடுத்ததுபோல எனக்குப் பட்டது. இப்போது அவ்வளவு உறுதி இல்லை. 152 கார்களை ஐந்து தரமாகப் பிரித்தால் ஒரு தரத்துக்குச் சராசரியாக முப்பதுதான் தேறும். அதை வைத்துக்கொண்டு ‘ஒன்றுகூட’ என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2020இல் லாஸ் வேகாஸில் 461 கார்களை வைத்துச் செய்த ஆய்விலும் போக்கு அதேதான். நின்றவை 28 சதவீதம். காரின் விலை ஆயிரம் டாலர் கூடக்கூட, நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 3 சதவீதம் குறைந்தது.

சரி, விலை உயர்ந்த கார் அவ்வளவாக நிற்பதில்லை என்றே வைத்துக்கொள்வோம். பணம் வந்ததால் அந்த ஆள் அப்படி ஆனாரா, அப்படிப்பட்ட ஆள்தான் அந்தக் காரை வாங்கினாரா? ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் யான்-எரிக் லோன்க்விஸ்ட் 1,892 ஓட்டுநர்களிடம் குணநலன் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார். பிடிவாதமும் வாக்குவாதமும் மிகுந்த, பிறர் உணர்வைக் கண்டுகொள்ளாத ஆண்கள் ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற கார்கள் வைத்திருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஒழுங்கும் பொறுப்பும் மிக்க ஆண்களும் பெண்களும் அதே கார்களைத்தான் விரும்பி வாங்கியிருந்தார்கள். அப்படியானால் சாலையில் நாம் பார்க்கும் முரட்டுத்தனத்தில் ஒரு பங்காவது, பணம் வருவதற்கு முன்பே அந்த ஆளிடம் இருந்திருக்க வேண்டும்.

பணமே ஆளை மாற்றுகிறது என்பதற்கும் சான்று இல்லாமலில்லை. நம் ஊரில் ‘பிசினஸ்’ என்ற பெயரில் விற்கும் பலகை விளையாட்டுக்கு மூலம் மோனோபொலி. பிஃப் குழுவினர் இரண்டிரண்டு பேராக ஆட உட்கார வைத்து, நாணயம் சுண்டி ஒருவரைப் பணக்காரர் ஆக்கினார்கள். அவருக்கு இரட்டிப்புப் பணம். உருட்டுவதற்கு இரண்டு பகடை, எதிராளிக்கு ஒன்றே ஒன்று. ஆட்டம் போகப் போகப் பணக்காரரின் காய் பலகையில் சத்தமாக விழுந்தது, பேச்சில் மிடுக்கு ஏறியது. ஏன் ஜெயித்தீர்கள் என்று கேட்டால், எந்த இடத்தை எப்போது வாங்கினேன் என்று விளக்கினார்கள். சுண்டிய நாணயத்தின் பேச்சே வரவில்லை. என்றாலும் கால் மணி நேர விளையாட்டுப் பணத்தை வைத்து ஒரு வாழ்நாள் குணத்தை அளக்க நான் தயங்குவேன்.

இதையெல்லாம் நாம் ஏன் உடனே நம்பிவிடுகிறோம்? உளவியலாளர் சூசன் ஃபிஸ்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2002இல் காட்டியது இது: யாரைப் பார்த்தாலும் மனம் இரண்டு கேள்வி கேட்கிறது. இவர் நமக்கு நல்லவரா, இவரால் காரியம் ஆகுமா? பணக்காரரைத் திறமை உள்ளவர், ஆனால் ஈரமில்லாதவர் என்று மனம் ஒதுக்கி வைக்கிறது. அந்தக் கலவையிலிருந்துதான் பொறாமை பிறக்கிறது.

பிரின்ஸ்டனில் ஃபிஸ்கும் மினா சிகாராவும் ஒரு படி மேலே போனார்கள். சிரிக்கும்போது உதட்டோரத்தை மேலே இழுக்கும் கன்னத் தசையில் மின்முனைகளை ஒட்டிவிட்டு, படங்களையும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளையும் காட்டினார்கள். முதியவர் ஒருவர், மாணவர் ஒருவர், கோட்டு போட்ட தொழில்துறைக்காரர் ஒருவர். டாக்ஸி ஒன்று இவர்களில் ஒருவர் மேல் சேற்றுத் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போகிறது. மற்றவர்களுக்கு நடந்தபோது அசையாத தசை, அந்தக் கோட்டுக்காரருக்கு நடந்தபோது லேசாகத் துடித்தது. கண்ணாடியில் பார்த்தால்கூடத் தெரியாத அளவுக்குச் சின்னப் புன்னகை. பணக்காரரைப் பற்றி நாம் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் இந்தத் தசையையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நெதர்லாந்தின் ஒரு நகரத்தில் நடந்த சோதனை இதையெல்லாம் விட என்னைப் பாதித்தது. பொருளியலாளர் ஜேம்ஸ் ஆன்ட்ரியோனியும் இன்னும் இரண்டு பொருளியலாளர்களும் 360 வீடுகளில் கடித உறைகளைப் போட்டார்கள். பார்த்தால் தபால்காரர் முகவரி மாற்றிப் போட்டுவிட்டார் என்று தோன்றும். உள்ளே தாத்தா ஒருவர் பேரனுக்கு எழுதிய வாழ்த்து. சில உறைகளில் நோட்டு இருப்பது வெளியிலிருந்தே தெரியும். மற்றவற்றில் இருந்தது, எடுத்தவருக்கு உதவாத வங்கிச் சீட்டு. எத்தனை உறை உரியவருக்குப் போய்ச் சேருகிறது என்று எண்ணினார்கள். பணக்கார வீடுகள், ஏழை வீடுகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உறைகளைத் திருப்பி அனுப்பின.

சிரித்த தசைக்கு இது பதில் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. சம்பள நாள் கழிந்து நாட்கள் ஓட ஓட ஏழை வீடுகளிலிருந்து உறைகள் திரும்புவது குறைந்தது. மாதக் கடைசி என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். பாலுக்கும் வாடகைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் தலையில், யாரோ ஒருவருடைய கடிதத்தைத் தபால் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்ற நினைப்பு எங்கே நிற்கும்? பணத் தேவையையும் அந்த நெருக்கடியையும் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தபோது, இரண்டு வகை வீடுகளுக்கும் இடையே குண வித்தியாசம் எதுவும் மிஞ்சவில்லை.