அப்ஸ்ட்ரக்‌ஷன்: சாஃப்ட்பாலில் 'மறிப்பு'

பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலில், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கக் குந்தியிருப்பவர் கேட்சர். பேட்டர் மட்டையைச் சுழற்றும்போது கேட்சரின் கையுறை மட்டையில் பட்டுவிட்டால், நடுவர் இடது கையை முஷ்டி மடக்கி பக்கவாட்டில் நேராக நீட்டுவார். ஆட்டத்தை உடனே நிறுத்த மாட்டார். கையுறை அப்படிப் படுவதற்குப் பெயர் கேட்சர் அப்ஸ்ட்ரக்‌ஷன்.

சொல்லின் வேர் லத்தீன். 'ஆப்' என்றால் எதிரே, 'ஸ்ட்ரூயெரே' என்றால் அடுக்குதல், கட்டுதல். எதிரே எதையாவது அடுக்கி வழியை அடைப்பதுதான் மூலப் பொருள். கன்ஸ்ட்ரக்‌ஷன், ஸ்ட்ரக்சர் எல்லாம் இதே வேரில் பிறந்தவை.

தமிழில் இதற்குத் 'தடை' என்று போடுவது வழக்கம். ஆனால் 'கேட்சருக்குத் தடை' என்று எழுதினால் அவரை ஆடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கும். 'இடையூறு' மிகப் பொதுவான சொல். கூட்டத்தின் கூச்சல்கூட இடையூறுதான். எனக்குப் பொருத்தமாகப் படுவது 'மறிப்பு'. வழிமறித்தல், சாலை மறியல் என்று நாம் அன்றாடம் சொல்வதில் ஓர் ஆள் குறுக்கே நிற்பது தெரிகிறது. மட்டையின் வீச்சை அடைத்தாலும், பேஸ் என்னும் நிலைகளுக்கு இடையே ஓடும் ரன்னரின் வழியை அடைத்தாலும் இந்தச் சொல் தாங்கும்.

அப்புறம் 'இன்டர்ஃபியரன்ஸ்' இருக்கிறது. அதைக் 'குறுக்கீடு' என்று தனியே வைத்துக்கொள்வது அவசியம். சாஃப்ட்பாலில் பந்து தடுக்கும் அணி செய்தால் மறிப்பு, மட்டை பிடிக்கும் அணி செய்தால் குறுக்கீடு. பேஸ்பாலிலோ கேட்சரின் கையுறை மட்டையில் பட்டால் அதுவே இன்டர்ஃபியரன்ஸ். கிரிக்கெட்டில் இன்னும் தலைகீழ்: 'அப்ஸ்ட்ரக்டிங் த ஃபீல்டு' பேட்டர் செய்யும் தவறு. 1951இல் ஓவல் டெஸ்டில் இங்கிலாந்தின் லென் ஹட்டன் அப்படித்தான் ஆட்டமிழந்தார். விளையாட்டைப் பார்க்காமல் அகராதியை மட்டும் நம்பினால் குழப்பம்தான்.

ரன்னர் விஷயத்தில் நடுவருக்கு வேலை அதிகம். ஓட்டம் சேர்க்க ரன்னர் வந்து தொட வேண்டிய ஹோம் பிளேட்டில் கேட்சர் காலை நீட்டி நிற்கிறார், ரன்னர் ஓடி வருகிறார். நடுவர் பார்க்க வேண்டியது கேட்சர் கையில் பந்து இருக்கிறதா என்பதைத்தான். முன்பு சில விதிநூல்களில் பந்து கைக்கு வரப்போகிறது என்றாலே வழியில் நிற்க அனுமதி இருந்தது. பந்து இல்லாமல் நின்று, அதனால் ரன்னர் வேகம் குறைந்தாலோ சுற்றி ஓடினாலோ அது மறிப்பு. மோதல் நடந்திருக்க வேண்டியதில்லை. கேட்சர் வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்வியும் இல்லை.

மட்டை மறிப்பில் பேட்டருக்கு முதல் பேஸ் கிடைக்கும். ஆனால் அடித்த அணியின் பயிற்சியாளர் விரும்பினால் அதை விட்டுவிட்டு, ஆட்டத்தில் நடந்ததையே ஏற்கலாம். மூன்றாம் பேஸில் மட்டும் ஆள் இருக்க, மட்டையில் கையுறை பட்டும் பந்து உயரப் பறக்கிறது. அதைப் பிடித்துவிடுகிறார்கள், ஆனாலும் ரன்னர் ஓடி வந்து ஓட்டம் சேர்க்கிறார் என்று வையுங்கள். ஓட்டம் வேண்டுமென்றால் பேட்டர் அவுட். பேட்டருக்கு முதல் பேஸ் வேண்டுமென்றால் ரன்னர் மூன்றாம் பேஸுக்குத் திரும்ப வேண்டும்.