பழைய கார்: பெட்ரோலா, டீசலா என்பதைச் சூடு முடிவு செய்கிறது

2014, 2015 மாடல் மாருதி ஸ்விஃப்ட் வாங்கலாம் என்று பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனால், ஒரே நிறத்தில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று 1197 சிசி பெட்ரோல். மற்றது 1248 சிசி டீசல். இந்த டீசல் எஞ்சின் ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட். டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட் புன்ட்டோவிலும் இருந்தது இதேதான். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் மைலேஜுக்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: வண்டியை ஸ்டார்ட் பண்ணினால், எத்தனை கிலோமீட்டர் கழித்து அணைப்பீர்கள்?

காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் கலந்து சுமார் 10, 11 மடங்கு அழுத்தி, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிக்கிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றை மட்டும் சுமார் 17 மடங்கு அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிவிடும். அந்தச் சமயத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். எவ்வளவு அதிகம் அழுத்துகிறோமோ, அதே எரிபொருளிலிருந்து அவ்வளவு அதிக வேலை கிடைக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் குறிப்பிட்ட அளவில்தான் கலக்க வேண்டும். அதனால் மெதுவாகப் போகும்போது த்ராட்டில் வால்வு காற்றின் வழியைப் பாதி அடைக்கிறது. இளநீர் ஸ்ட்ராவை விரலால் அழுத்திக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், அந்தச் சிரமம் புரியும். டீசல் எஞ்சின் காற்றைத் தாராளமாக இழுத்துக்கொண்டு டீசலின் அளவை மட்டும் குறைக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும் சேர்வதால், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போதே 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலம், வந்துவிடும். பெட்ரோல் ஸ்விஃப்டில் இது 115-ஐ ஒட்டித்தான், அதுவும் 4000 சுற்றில். ஐந்து பேரும் சாமான்களுமாக ஏற்காடு ஏறும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்படியானால் டீசல்தானே நல்லது? இங்கேதான் சூடு குறுக்கே வருகிறது. எரிபொருளைச் சிக்கனமாக வேலையாக மாற்றும் எஞ்சின் வெப்பத்தைக் குறைவாகவே வீணாக்கும். அதனால் அது சூடேறவும் நேரம் பிடிக்கும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை என்று நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் வண்டி, வேலை செய்யும் சூட்டுக்கு வருவதற்குள் அணைந்துவிடுகிறது. ஈரம் ஆயிலில் தங்குகிறது. கரி டர்போவிலும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு பக்கமும் படிகிறது. பெட்ரோல் எஞ்சினுக்கும் குட்டிப் பயணம் பிடிக்காதுதான். ஆனால் அது சீக்கிரம் சூடாகும், கரியும் குறைவு.

கணக்கையும் பார்த்துவிடலாம். 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் வரை இடைவெளி இருந்தது. அன்று டீசல் வாங்கியவர்கள் சரியாகத்தான் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, இடைவெளி சுருங்கியது. பெட்ரோல் 100, டீசல் 92 ரூபாய், மைலேஜ் 16, 20 என்று வைத்துக்கொண்டால், மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சம் 825 ரூபாய். நாலு இன்ஜெக்டரையும் டர்போவையும் ஒருமுறை மாற்ற வேண்டி வந்தால் பல வருட மிச்சம் போய்விடும். மாதம் 2000 கிலோமீட்டர், அதுவும் பெரும்பாலும் ஹைவேயில் என்றால் மிச்சம் 3300. எஞ்சினும் நன்றாகச் சூடாகி ஓடும். அவர் தயங்காமல் டீசல் வாங்கலாம்.

பழைய ஓனர் எப்படி ஓட்டினார் என்பதும் முக்கியம். ஊருக்குள்ளேயே 40,000 ஓடிய டீசலைவிட, ஹைவேயில் 90,000 ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய டீசலை நான் நம்புவேன். பார்க்கப் போகும்போது வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சலசலவென்று சங்கிலி இழுபடுவதுபோல் சத்தம் வந்தால், எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற பசை இருந்தால் உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் கருப்பாக இருக்கிறதே என்று மட்டும் டீசல் வண்டியை ஒதுக்காதீர்கள், புது ஆயில் ஊற்றினாலும் கொஞ்ச நாளிலேயே அது கருத்துவிடும்.