லிமிட்டிங் பிலீஃப்: தமிழ்ல இத என்னன்னு சொல்றது?

"எனக்கு கணக்கு வராது", "நமக்கு இங்கிலீஷ் வராதுப்பா", "மேடை ஏறி பேசறதெல்லாம் நம்ம ரத்தத்துலயே இல்ல". இந்த மாதிரி நாம வாயால சொல்றதும், சொல்லாமலே உள்ளுக்குள்ள வச்சிக்கிட்டு அதுக்கேத்த மாதிரி ஒதுங்கிப் போறதும் தான் லிமிட்டிங் பிலீஃப். அது இருக்கறதே நமக்கு தெரியாதுங்கறதால முன்னாடி சப்கான்ஷியஸ்னு ஒரு வார்த்தைய ஒட்ட வச்சி, மொத்தமா சப்கான்ஷியஸ் லிமிட்டிங் பிலீஃப்னு சொல்லி ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் போட்டு காசு பாக்கறவங்களும் இருக்காங்க. அது கெடக்கட்டும். இந்த மூணு வார்த்தையும் எங்கேர்ந்து வந்துச்சு, தமிழ்ல இதுக்கு சரியான சொல் எதுன்னு பாக்கலாம். தோண்டிப் பாத்தா எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

மொதல்ல லிமிட். லத்தீன்ல 'லிமெஸ்'னு ஒரு சொல், அதுலேர்ந்து வந்தது. ரெண்டு வயலுக்கு நடுவுல எல்லையா விடற நடபாதைக்குத்தான் அந்த பேரு, அப்பறமா ரோமானியங்க சாம்ராஜ்யத்தோட எல்லைக்கும் அதையே வச்சிக்கிட்டாங்க. நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேரு? வரப்பு. அதோட பழைய வடிவம் வரம்பு. "வரம்பு மீறாத"ன்னு நாம திட்டறப்ப வயல் ஞாபகமே வர்றதில்ல, ஆனா அதே சொல்தான் இது. ஒட்டுறவே இல்லாத ரெண்டு மொழி, ரெண்டும் வயக்காட்டுலேர்ந்து கிளம்பி அளவு, எல்லைங்கற ஒரே அர்த்தத்துல வந்து நிக்குது.

அடுத்து பிலீஃப், இது இன்னும் சுவாரஸ்யம். பழைய ஜெர்மானிய மொழிகள்ல 'பிரியமா வச்சிக்கறது'ங்கற அர்த்தம் உள்ள வேர்லேர்ந்து வந்தது இது, இங்கிலீஷ்ல காதலுக்கு இருக்கற லவ்வுங்கற சொல்லுக்கும் இதுக்கும் சொந்தம் உண்டு. இப்ப தமிழுக்கு வாங்க. தொல்காப்பியத்துல உரியியல்ல "நம்பும் மேவும் நசையாகும்மே"ன்னு ஒரு சூத்திரம் இருக்கு. நசைன்னா ஆசை, விருப்பம். அதாவது 'நம்பு'ங்கற சொல்லுக்கு அன்னிக்கு விரும்பறதுன்னு அர்த்தம். ஆக நம்பறதுன்னா அடியில பிரியமா வச்சிக்கறது தான். இங்கதான் எனக்கு பொறி தட்டுச்சு, ஏன்னா "எனக்கு வராது"ங்கறத நாம ஏதோ வேண்டா வெறுப்பா சுமக்கறோம்னு தானே நெனச்சிக்கிட்டு இருக்கோம், யாராவது வந்து "இல்லடா உனக்கு வரும்"னு சொல்லிப் பாக்கட்டும், அவன்கிட்ட எப்டி சண்டைக்கு போறோம்னு பாருங்க, அவ்ளோ பிரியம் அதும்மேல.

மூணாவது சப்கான்ஷியஸ். சப்னா கீழ, கான்ஷியஸ்னா தெரிஞ்ச நெலமை. இத புழக்கத்துக்கு கொண்டுவந்ததுல முக்கியமானவர் பியேர் ஜானேங்கற பிரெஞ்சுக்காரர், 1889ல வந்த அவரோட ஆய்வுல இந்த சொல் வருது. மனச ஆராய்ஞ்ச டாக்டர் ஃப்ராய்டுக்கு இது பிடிக்கல, கீழன்னா எடத்த சொல்றியா இல்ல வேற ஒண்ண சொல்றியான்னு கேட்டு, அன்கான்ஷியஸ், அதாவது நமக்கு தெரியாமலே மனசுல இருக்கறது, அந்த சொல் தான் சரின்னு 1926லயும் எழுதியிருக்கார். அதனால சைக்காலஜி படிக்கறவங்க சப்கான்ஷியஸ்ங்கற சொல்ல அவ்வளவா தொடறதில்ல, சுயமுன்னேற்றக்காரங்க தான் அத தத்தெடுத்துக்கிட்டாங்க.

தமிழ்ல அன்கான்ஷியஸுக்கு நனவிலின்னு ஒரு அழகான சொல் இருக்கு. நனவுன்னா முழிப்பு, கனவுக்கு எதிர்ச்சொல், குறள்லயே "நனவினால் கண்டதூஉம்"னு வருது. சப்கான்ஷியஸுக்கு புக்ல எல்லாம் ஆழ்மனம்னு போடறாங்க, நல்ல வினைத்தொகை, சொல்லவும் நல்லாருக்கு. ஆனா அதுல ஏதோ கடலுக்கு அடியில புதையல் கெடக்கற மாதிரி ஒரு பில்டப் இருக்கு. என்ன கேட்டா நம்ம வீட்ல பேசற அடிமனசு போதும்பேன். சப்புங்கறதும் அடிங்கறதும் நேருக்கு நேர் பொருந்துது, அதுவும் இல்லாம "அடிமனசுல ஒரு பயம் இருந்துக்கிட்டே இருக்கு"ன்னு யாரும் சொல்லிக் குடுக்காமலே சொல்றோம்ல.

இப்ப மூணையும் சேத்து தமிழாக்கம் பண்றப்ப தான் சிக்கலே. 'கட்டுப்படுத்தும் நம்பிக்கை'ன்னு மொழிபெயர்த்து வச்சிருக்கறத பாத்தேன். படிக்கறவனுக்கு என்ன தோணும்? ஏதோ நல்ல விஷயம் போலன்னு தான் தோணும். ஏன்னா இன்னிக்கு தமிழ்ல நம்பிக்கைங்கறது நல்ல சொல், அத கெட்டதாக்கணும்னா மூடநம்பிக்கை, அவநம்பிக்கைன்னு முன்னாடி ஏதாவது போட்டாத்தான் உண்டு. அதனால அது ஒத்து வராது. 'மனத்தடை' பரவால்ல, ஆனா அது மெண்ட்டல் பிளாக்குக்கு போயிடுச்சு. 'முட்டுக்கட்டை' நல்ல சொல், தேர் சக்கரத்துக்கு அடியில போடற கட்டை, ஆனா முட்டுக்கட்டைய எப்பவும் அடுத்தவன் தான் போடுவான், "என் வேலைக்கு முட்டுக்கட்டை போடறான்"னு தான் சொல்றோமே தவிர எனக்கு நானே போட்டுக்கறேன்னு யாரும் சொல்றதில்ல.

அதனால என் ஓட்டு 'மனவரப்பு'க்கு. அகராதியில தேடாதீங்க, கெடைக்காது, நானா சேத்து வச்சது தான். ஏன் பிடிச்சிருக்குன்னா, வரப்பு ஒண்ணும் கெட்டது இல்ல. வரப்பு இல்லேன்னா வயல்ல தண்ணி நிக்காது. "வரப்புயர"ன்னு ஔவையார் வாழ்த்துனதே அதுக்குத்தான். மனசுல இருக்கற வரப்பும் என்னிக்கோ ஒரு நாள் எதையோ காப்பாத்த போட்டது தான். "விரலுக்கேத்த வீக்கம்", "அகலக்கால் வைக்காத"ன்னு சொல்லி வளத்த தாத்தா பாட்டியெல்லாம் வட்டிக்கு வாங்கி நெலத்த தொலைச்சவங்கள நேர்ல பாத்தவங்க, அவங்களுக்கு அது புத்தி. கடனே இல்லாத பேரனுக்கும் அதே வரப்பு அதே எடத்துல நிக்கறது தான் பிரச்சனை.

இன்னொண்ணு, வரப்பு தானா நிக்காது. ஒவ்வொரு போகத்துக்கும் அத செதுக்கி சேத்த அள்ளி அப்பி விடணும், விட்டா நண்டு வளை போட்டே கரைஞ்சிடும். நாம "எனக்கு வராது"ன்னு ஒவ்வொரு தடவ சொல்றப்பவும் ஒரு கை சேறு அப்பறோம்.

'வராது'ங்கற சொல்லையே கவனிங்க. நீச்சல் தெரியாதுன்னா கத்துக்கலாம், ஆனா "எனக்கு நீச்சல் வராது"ன்னா ஏதோ நீச்சல் தான் பஸ் புடிச்சி நம்மள தேடி வரணும்ங்கற மாதிரி இருக்கு, அதுவும் இன்னிக்கு வரலங்கறதுக்கும் இனிமே எப்பவுமே வரப்போறதில்லங்கறதுக்கும் சேத்து ஒரே சொல். வள்ளுவர் இத கரெக்டா புடிச்சிருக்கார். "அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்". செய்ய அரியதுன்னு ஒரு வாசகம் மனசுல ஓடுது, அதுக்கப்பறம் தான் அசாவு, அதாவது மனத்தளர்ச்சி. இந்த வரிசை முக்கியம். 1960கள்ல அமெரிக்காவுல ஆரோன் பெக்குங்கற டாக்டர் டிப்ரஷன் வந்தவங்கள கவனிக்கறப்ப, அவங்க மனசுல தானா ஓடற சின்ன சின்ன வாசகங்களத் தான் புடிச்சார், அதுக்கும் அடியில கெடக்கறத கோர் பிலீஃப்னார். ஒர்க்‌ஷாப்காரங்க சொல்ற லிமிட்டிங் பிலீஃபுக்கு சைக்காலஜியில நெருங்கின சொந்தக்காரன் இதுதான்.

சரி, வரப்ப என்ன பண்றது? கண்ணாடி முன்னாடி நின்னு "நான் பெரிய ஆளு, என்னால எல்லாம் முடியும்"னு டெய்லி சொல்லுங்கறாங்க. 2009ல கனடாவுல ஜோஆன் வுட்னு ஒரு அம்மா ஆராய்ச்சி பண்ணி பாத்தாங்க, தன்மேல மதிப்பு கம்மியா இருக்கறவங்க இந்த மாதிரி உசத்தியான வாசகத்த திரும்ப திரும்ப சொன்னா மனசு இன்னும் மோசமாகுதுன்னு வந்துச்சு. அடிமனசு "பொய் சொல்லாத"ன்னு உள்ளேர்ந்து குரல் குடுக்கும்ல.

விவசாயி என்ன பண்ணுவாரு? பக்கத்து வயலுக்கு தண்ணி போகணும்னா வரப்ப மொத்தமா இடிக்க மாட்டாரு, மம்பட்டியால ஒரு வெட்டு வெட்டி வாமடைய தொறந்து விடுவாரு, அவ்ளோதான்.

எங்க சித்தி அப்டித்தான் 42 வயசுல ஸ்கூட்டி கத்துக்கிட்டாங்க. சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்து பல்லு ஒடஞ்சதுலேர்ந்து "ரெண்டு சக்கரம் எனக்கு வராது"ன்னே இருந்தவங்க. எதிர்வீட்டு அக்கா, அவங்க வயசு தான், ஓட்டறத தெனம் பாத்தாங்க. சித்தப்பா "ஓட்டலாம் வா"ன்னு சொன்னாரு. காலையில அஞ்சரைக்கு ஸ்கூல் கிரவுண்டுல, மொத நாள் வண்டிய தள்ளிக்கிட்டு மட்டும் நடந்தாங்க, அப்பறம் ரெண்டு காலயும் தரையில ஊனிக்கிட்டே பத்தடி. கை நடுங்குனா "பயமில்லடி, புது வண்டி அப்டித்தான்"னு தனக்குத்தானே சொல்லிப்பாங்க. ஆல்பர்ட் பண்டூராங்கற சைக்காலஜிஸ்ட் 1977ல எழுதுன கட்டுரையில தன்னால முடியும்ங்கற எண்ணம் நாலு வழியில வருதும்பார்: தானே செஞ்சு பாக்கறது, நம்மள மாதிரி ஒருத்தர் செய்யறத பாக்கறது, அடுத்தவங்க சொல்றது, உடம்பு காட்டற படபடப்ப எப்டி எடுத்துக்கறோம்ங்கறது. சித்திக்கு பண்டூராவ தெரியாது, நாலையும் செஞ்சுட்டாங்க. இதுல மொதல்ல சொன்னதுக்குத்தான் பலம் ஜாஸ்தின்னும் அவரு சொல்லியிருக்கார், பத்தடி ஓட்டுனதுக்கு முன்னாடி பத்தாயிரம் வாசகம் நிக்காது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், எல்லா வரப்பும் நாம போட்டது இல்ல. பஸ்ஸே இல்லாத ஊர்ல இருக்கற பொண்ணு "காலேஜெல்லாம் எனக்கு இல்ல"ன்னா அத லிமிட்டிங் பிலீஃப்னு சொல்றது அநியாயம், அது அடுத்தவன் நம்ம நெலத்துக்குள்ள தள்ளிப்போட்ட வரப்பு. அதுக்கு மைண்ட்செட் கிளாஸ் எடுத்து பிரயோஜனம் இல்ல, பஸ் விடணும்.

சித்தி இப்ப மார்க்கெட், ரேஷன் கடை, கோயில் எல்லாத்துக்கும் ஸ்கூட்டி தான். "பைபாஸ்ல ஓட்டறது மட்டும் எனக்கு வராதுடா"ங்கறாங்க. அங்க லாரி வர்ற வேகத்துக்கு அந்த வரப்பு இருந்துட்டு போகட்டும்னு நானும் விட்டுட்டேன்.