சூராட்டில் என் பெயர்தானே இருக்கிறது, மேடம்?

சென்ற வாரம் செந்தூலிலிருந்து ஒரு அக்கா மைலோ டின்னோடு வந்தார். உள்ளே ஊசி போட்ட கார்டு, நீதிமன்ற ஆணை, பிளாஸ்டிக் உறையில் சூராட் பெரானாக், அதாவது பிறப்புச் சான்றிதழ். அடியில், கத்தரித்து எடுத்த ஆஸ்பத்திரிக் கைப்பட்டை ஒன்று. தத்தெடுத்த மகளுக்கு 12 வயது. மைகாட் என்ற மலேசிய அடையாள அட்டை எடுக்க ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) போனார்களாம், கவுண்டரில் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அம்மா என்ற இடத்தில் என் பெயர்தானே இருக்கிறது, மேடம்?"

இருக்கிறது. அதே தாளில் 'புக்கான் வார்காநெகாரா', குடிமகள் அல்ல, என்றும் இருக்கிறது. இத்தனை வருடம் யாரும் அந்த வரியைப் படிக்கவில்லை. பள்ளியில் கேட்டபோதெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த நாலாவது டின் இது.

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. தத்தெடுத்தால் பிள்ளை தானாக மலேசியக் குடிமகள் ஆகிவிடாது. 1952 தத்தெடுப்புச் சட்டப்படி குறைந்தது 3 மாதம் வளர்த்து, நலத்துறை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து, நீதிபதி ஆணையிட்டால் புதுச் சூராட்டில் உங்கள் பெயர் ஏறும். அவ்வளவுதான். குடியுரிமைக்குப் பிள்ளை பிறந்த நேரத்தில் பெற்றவர்களின் நிலையைத்தான் பார்ப்பார்கள். திருமணம் ஆகாத தாய் என்றால் தாயின் நிலை. இந்தப் பிள்ளையைப் பெற்றவள் தொழிற்சாலை வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண். உங்கள் இருவரிடமும் குடிமக்களுக்கான நீல ஐசி இருப்பது இந்தக் கணக்கில் சேராது.

"குப்பைத்தொட்டி பக்கத்தில் கிடைத்தது என்று சொல்லிவிடலாமா?" என்று அடுத்த கேள்வி. பெற்றோர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்ததை யாரோ பாதி மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா, பெற்றவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிள்ளை இது. பொய் சொன்னால் கேஸ் உங்கள் மேல் திரும்பும்.

பதினைந்து வருடம் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தவர் அவர். மடியில் பிள்ளை வந்ததும் பெற்றவளின் சுவடே வீட்டில் வேண்டாம் என்று அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் நகலை எரித்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இன்று அந்தத் தாள்தான் வேண்டும்.

தத்தெடுக்கப் போகிறவர்கள் கேளுங்கள். பெற்றவளின் பாஸ்போர்ட், பெர்மிட் நகல்களைத் தொலைக்காதீர்கள். ஆணை கிடைத்த கையோடு அரசியலமைப்பின் 15A பிரிவில் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுங்கள், மைகாட் வயது வரை காத்திருக்காதீர்கள். உள்துறை அமைச்சு முடிவு சொல்ல வருடக்கணக்கில் ஆகலாம், மறுக்கவும் மறுக்கலாம். ஏஜென்ட் கையில் பணம் கொடுத்துப் பிள்ளை வாங்குவது 2001 குழந்தைகள் சட்டப்படி குற்றம். நீங்களே பெற்றதாகச் சூராட் எடுத்துத் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் போனை வையுங்கள்.

எழுந்தபோது அந்த அக்கா கைப்பட்டையைத் தனியே எடுத்து, "இதைத் தூக்கிப் போட்டுடவா மேடம்?" என்றார். வாங்கி விளக்கடியில் பிடித்தேன். மை மங்கியிருந்தது. பெற்றவளின் பெயரில் முதல் நாலு எழுத்தும் பதிவு எண்ணும் தெரிந்தன. அந்த எண்ணை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.