செத்த பவளம்தானே என்று எடுத்து வராதீர்கள்

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் கைவினைக் கண்காட்சி. தலைப்பு ‘கடலைக் காப்போம்’. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் ஒதுங்குவதை வைத்துச் சிற்பமும் படமும் செய்து பிழைக்கிறவன் என்பதால் என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து முதல் பரிசுக்கு எடுத்து வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வாயடைத்துப் போனது. இரண்டடிப் பலகை, அதன்மேல் நீல ரெசின் ஊற்றிய கடல், கடலுக்குள் மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம் நாலைந்து, உப்புப் போட்டுக் காயவைத்த கடல்குதிரை இரண்டு, சுற்றிலும் சோழி, மேலே ஜிகினா. கீழே அழகான கையெழுத்தில் ‘பவளப்பாறைகளைப் பாதுகாப்போம்’.

பையனுடைய அப்பா பக்கத்திலேயே நின்றார். பெருமையாகச் சொன்னார்: “எல்லாமே ஒரிஜினல் சார். பிளாஸ்டிக் பூவெல்லாம் கிடையாது.”

இது முதல் தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்த வருடத்தில் மட்டும் இது நாலாவது. அதற்கு முன்னால் ஒருவர் எனக்கே ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பவளத் துண்டு பார்சல் அனுப்பினார், “உங்கள் கலைக்கு உதவும்” என்று. கொரியர்க்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டுப் போய்விட்டார், பெட்டியைத் திறந்த பிறகு நான்தான் வனத்துறைக்கு போன் போட்டு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: “நாங்கள் உயிரோடு இருப்பதை உடைக்கவில்லை. கரையில் செத்துக் கிடந்ததைத்தான் எடுத்தோம்.” இந்த ‘செத்ததுதானே’ என்ற ஒற்றைச் சொல்தான் எனக்கு ஆகாது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன்.

தனுஷ்கோடிக்குப் போயிருப்பீர்கள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த அந்தச் சர்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்திருப்பீர்கள். அடுத்த முறை கேமராவைக் கொஞ்சம் இறக்கிவிட்டு அந்தக் கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் சின்னச்சின்ன நட்சத்திரமாகப் புள்ளி தெரியும், தேன்கூடு மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பவளப்பூச்சி உட்கார்ந்திருந்த வீடு. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் செங்கல்லுக்குப் பதில் பவளக்கல்தான். வீடு கட்டினார்கள், சூளையில் போட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள், தொழிற்சாலைக்கும் அனுப்பினார்கள். பல பத்தாண்டுகள் வள்ளம் வள்ளமாக ஏற்றினார்கள். அவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள், கல்தானே என்று.

விளைவு என்ன ஆனது? ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தவை. அதில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் இன்றைக்குத் தண்ணீருக்குள் இருக்கின்றன. படகில் போனால் அடியில் மங்கலாகத் தெரியும், காலை வைக்க இடம் கிடையாது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1969-ல் 16 ஹெக்டேர் இருந்தது, 2015-ல் 2 ஹெக்டேர்கூட இல்லை. அதற்கு மேல் அது கரைந்துவிடக் கூடாதென்று சிமெண்டில் செயற்கைப் பாறை வார்த்துக் கடலில் இறக்கினார்கள். அதாவது, கடலிலிருந்து சும்மா கிடைத்த கல்லை எடுத்துச் சுண்ணாம்பாக்கினோம், அப்புறம் காசு செலவழித்து அதே இடத்தில் சிமெண்டுக் கல்லைக் கொண்டுபோய் வைத்தோம். 2004 சுனாமிக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் பவளக்கல் எடுப்பது அடியோடு நின்றது.

இந்தத் தீவுகள் எதனால் ஆனவை என்று நினைக்கிறீர்கள்? செத்த பவளம்தான்! அலை உடைத்துப் போட்ட துண்டும், கிளிமீன் கடித்து அரைத்துத் தின்று கழித்த மணலும், சிப்பி ஓட்டுத் தூளும் சேர்ந்து குவிந்ததுதான் தீவு. விலாங்குச்சல்லி, காரைச்சல்லி என்று பேரிலேயே சல்லி, அதாவது உடைந்த கல் துண்டு, இருக்கிறது. பேர் எப்படி வந்ததென்று அடித்துச் சொல்ல நான் ஆராய்ச்சியாளன் இல்லை, ஆனால் கரையில் நடக்கும்போது காலடியில் சரசரவென்று உடைந்த பவளம் நொறுங்கும் சத்தம் கேட்கிறவனுக்கு அந்தப் பேர் சரியாகத்தான் படுகிறது.

இன்னொன்று. செத்த பவளம் வெறும் கல்லாகக் கிடக்கவில்லை. கடலுக்குள் மிதந்துவரும் பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் தேடும், மணலில் ஒட்ட முடியாது. அதன் பாட்டன் பூட்டனின் எலும்பின்மேல்தான் அது குடியேறும். 2016-ல் தண்ணீர் சூடேறிப் பவளம் வெளுத்தபோது மன்னார் வளைகுடாவில் கிட்டத்தட்ட 16 சதவீதம் செத்தது என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். அந்தச் செத்த திட்டுகளில்தான் மறுபடி புதுசு முளைக்க வேண்டும். குண்டுக்கல்லாக வளரும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே அதிகம். கால்பந்து அளவில் ஒன்றை வரவேற்பறையில் வைத்திருந்தீர்கள் என்றால், அது உங்கள் பையனைவிட மூத்ததாக இருக்கலாம்.

சட்டம் தெரியாமல் செய்தோம் என்பார்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த ஒன்று தொழிலால் தெரியும்: கடினப் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தவை. புலிக்கு என்ன இடமோ அதே இடம். செத்ததா உயிரோடா என்று சட்டம் பார்க்காது, துண்டானாலும் அதே குற்றம்தான். மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. ஐவிரல் சங்கு வகை, பெரிய கிளிஞ்சல் வகை, நாட்டிலஸ் என்று சங்கு சிப்பியிலும் பலவற்றின் பெயர் அந்தச் சட்டத்தின் பட்டியல்களில் இருக்கிறது. கடையில் பகிரங்கமாக விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். விற்கிறவரை எப்போது பிடிப்பார்களோ தெரியாது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சங்குகுளிக்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூச்சடக்கி இறங்கிப் பிழைக்கிற தொழில் அது, இங்கிருந்து போகிற சங்கில்தான் வங்காளத்தில் கல்யாணப் பெண்ணுக்கு வளையல் அறுக்கிறார்கள். கோடையில் ஒரு பஸ் நிறைய வந்து, ஆளுக்கொரு கவர் நிறையச் சிப்பி அள்ளிப்போய், வீட்டு மாடியில் நாற்றம் தாங்காமல் குப்பையில் கொட்டும் நம்மைப் பற்றித்தான் பேச்சு. நாற்றம் ஏன் வருகிறது என்று யாராவது யோசித்தீர்களா? உள்ளே உயிர் இருந்தது, அதனால்தான். பளபளவென்று மின்னும் சோழி அநேகமாக நேற்றுவரை உயிரோடு இருந்தது. செத்து நாளானது மங்கிப் போய், அலையில் உரசி, ஓட்டை விழுந்து கிடக்கும். அந்த மங்கலான காலிச் சங்கையும் விட்டுவைக்கச் சொல்கிறேன், ஏனென்றால் வாடகை வீடு தேடி அலையும் நண்டு ஒன்று கரையோரம் இருக்கிறது. சொந்த ஓடு இல்லாமல் பிளாஸ்டிக் மூடிக்குள் புகுந்து நடந்த நண்டை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைத்தான் நான் வரைந்தேன், அந்தப் படத்தை யாரும் வாங்கவில்லை, அது வேறு கதை.

சரி, ரெசினுக்கு வருவோம். தொழில்காரனாகச் சொல்கிறேன், ரெசின் என்பது பிளாஸ்டிக். ஜிகினாவும் பிளாஸ்டிக். தெர்மாகோலும் அதேதான். கடல் அழிகிறது என்று வருத்தப்பட்டுக் கடலுக்குள் போகப்போவதையே ஊற்றி வார்க்கிறோம். மாஸ்க் போடாமல் குழந்தைகளைவிட்டு அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வைக்கிறோம், அந்தத் தூசு நெஞ்சுக்குள் போவதைப் பற்றி டீச்சர்மார் யாரும் கேட்பதில்லை. நானும் தொடக்கத்தில் ரெசின் ஊற்றியவன்தான். என் பட்டறை மூலையில் பத்து வருடத்துக்கு முன் வார்த்த ஆமை ஒன்று மஞ்சளடித்துப் போய் உட்கார்ந்திருக்கிறது. எரிக்கவும் முடியாது, புதைக்கவும் மனசு வராது.

அப்போ எதை வைத்துச் செய்வது? கரையில் கிடப்பதிலேயே எதை எடுத்தால் கடல் சந்தோஷப்படுமோ அதை எடுங்கள். அறுந்த தங்கூசி வலை, நைலான் கயிறு, மிதவைக்கட்டை, ஒற்றைச் செருப்பு. செருப்பு எப்போதும் ஒற்றையாகத்தான் வரும், இருபது வருடத்தில் ஒரு ஜோடி கிடைத்ததில்லை. 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே கப்பல் மூழ்கிய பிறகு அரிசி மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி வரைக்கும், இந்தப் பக்கம் தனுஷ்கோடி வரைக்கும் ஒதுங்கியது. அதைச் சலித்துச் சலித்துப் பாட்டில் பாட்டிலாக வைத்திருக்கிறேன், இன்னும் அதை என்ன செய்வதென்று பிடிபடவில்லை.

வலையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உள்ளே தூண்டில் முள் இருக்கும், கையுறை போட்டு ஒவ்வொரு கண்ணாகப் பிரியுங்கள். நண்டோ மீனோ மாட்டியிருந்தால் முதலில் அதை விடுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள். ஊசி, மருந்து பாட்டில், பேர் தெரியாத டப்பா எதையும் தொட வேண்டாம். தார் உருண்டை காலில் ஒட்டினால் பெட்ரோல் தேடி ஓடாதீர்கள், தேங்காய் எண்ணெய் போதும். கோலம் போட்ட மாதிரி அழகாக இருக்கும் கூம்புச் சங்கைக் குழந்தைகள் கையில் எடுக்க விடவே விடாதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் கொட்டும், அந்த இனத்தில் சில ஆளையே கொன்றிருக்கின்றன. செத்து ஒதுங்கிய பங்குனி ஆமையைப் பார்த்தால் போட்டோ எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள், ஓட்டைப் பெயர்க்கக் கத்தியோடு போகாதீர்கள். தீவுகளைச் சுற்றிப் பூங்கா எல்லைக்குள் என்றால் ஒரு சிப்பித் துண்டுகூடக் கூடாது, அங்கே பேச்சே இல்லை.

ஏற்கெனவே வீட்டில் பவளம் வைத்திருக்கிறவர்களுக்கு: விற்காதீர்கள், யாருக்கும் பரிசாகத் தள்ளிவிடாதீர்கள், எனக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆசிட் போட்டுக் கழுவி வார்னிஷ் அடித்ததைக் கடலில் கொண்டுபோய்ப் போடுவதும் வேண்டாம், அது புண்ணியக் கணக்கில் வராது. பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

அந்தப் பையனிடம் நான் கோபப்படவில்லை. அவனை உட்காரவைத்து, பட்டறையிலிருந்து பையில் கொண்டுபோயிருந்த பழைய கல் ஒன்றைக் கொடுத்தேன். இடிந்த வீட்டு அஸ்திவாரத்தில் கிடந்தது, பாடம் எடுக்க அனுமதியோடு வைத்திருக்கிறேன். பெரிதாக்கும் கண்ணாடியையும் கையில் கொடுத்து, “ஒரு நட்சத்திரத்தை மட்டும் வரை தம்பி” என்றேன். அரைமணி நேரம் தலை நிமிரவில்லை. ஒரே ஒரு புள்ளி, பென்சிலில், உள்ளங்கை அகலத்துக்கு. உள்ளே சுவர் சுவராக எத்தனை மடிப்பு என்று எண்ணி எண்ணிப் போட்டிருந்தான். பரிசு கொடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது, பட்டியலில் அந்தப் படம் இல்லாததால் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்றார்கள். கொஞ்ச நேரம் சண்டை போட்டேன், நடக்கவில்லை.

அவன் அப்பா நேற்று ராத்திரி போன் பண்ணினார். “சார், அந்தக் கடல்குதிரை ரெண்டும் ரெசினுக்குள்ள ஒட்டிக்கிச்சே, அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுக்க?” என்று கேட்டார். பலகையோடு அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன்.